ஓர் எழுத்து குறைந்த பெயர்

ஆங்கிலத்தில் 'கிரியேட்' என்று எழுத ஆறு எழுத்துகள் வேண்டும்: சி, ஆர், ஈ, ஏ, டி, ஈ. யூனிக்ஸ் கெர்னலில் அந்தச் சொல்லுக்கு ஐந்துதான். கடைசி ஈ கிடையாது. புதிதாக ஒரு கோப்பு வேண்டும் என்று நிரல் கெர்னலிடம் கேட்கும்போது சொல்கிற பெயர் இது. பிறந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது; அந்த ஓர் எழுத்து இன்னும் வந்து சேரவில்லை. அடுத்தவர் எழுதிய நிரலை ரிவியூ செய்யும் வேலையில் நெடுநாள் இருப்பவன் நான். ஒரு பெயரை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தப் பெயர்தான். அதன் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கெர்னல் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கணினியின் நினைவகம், வட்டு, திரை எல்லாவற்றையும் ஆள்வது கெர்னல். நாம் ஓட்டும் நிரல் எதுவும் வட்டைத் தானாகத் தொட முடியாது. பத்திரப்பதிவு அலுவலகம் போலத்தான்: அதன் ஆவண அறைக்குள் நம்மை விடமாட்டார்கள். கவுண்டரில் நின்று மனுவை நீட்டினால் உள்ளே இருப்பவர் எடுத்துத் தருவார். கெர்னலின் கவுண்டர்களுக்கு 'சிஸ்டம் கால்' என்று பெயர். ஒவ்வொரு கவுண்டருக்கும் ஓர் எண் உண்டு, ஒரு பெயரும் உண்டு. எண் இயந்திரத்துக்கு. பெயர் மனிதருக்கு.

1969ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் மரே ஹில் என்ற இடத்தில் இருந்த பெல் ஆய்வகம், மல்டிக்ஸ் என்ற பெரிய இயங்குதளத் திட்டத்திலிருந்து அந்த ஆண்டுதான் விலகியிருந்தது. அங்கே கென் தாம்ஸன், பிறர் அதிகம் சீண்டாத ஒரு பிடிபி-7 கணினியில் தன் போக்கில் ஓர் இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். டென்னிஸ் ரிச்சி உடன் சேர்ந்தார். அதுதான் யூனிக்ஸ். அந்த பிடிபி-7 நிரலிலேயே நம் பெயர் இருக்கிறது, அப்போதே ஈ இல்லாமல். அடுத்து வந்த பிடிபி-11 கணினியில் மொத்த நினைவகமே 24 கிலோபைட். அதில் 16 கெர்னலுக்கு, மிச்சம் 8 நிரல்களுக்கு. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தை வைக்கவே அந்த இடம் காணாது.

அவர்கள் தட்டிய இயந்திரத்தையும் பார்த்தால்தான் இந்தப் பெயர் புரியும். டெலிடைப் மாடல் 33 என்பது திரை இல்லாத, காகிதச் சுருளில் அடிக்கும் தந்தி இயந்திரம். விசையை ஆழமாக அழுத்த வேண்டும். வினாடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். பத்தெழுத்துப் பெயரைக் கேட்டால் அது காகிதத்தில் ஏற ஒரு முழு வினாடி காத்திருக்க வேண்டும். அதனால் 'காப்பி' சிபி ஆனது, 'மூவ்' எம்வி ஆனது, 'ரிமூவ்' ஆர்எம் ஆனது. ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் ஓலை கிழியும் என்று புள்ளி வைக்காமல் விட்டார்கள் என்பதை நாம் அறிவோம். எழுதும் கருவி எழுத்தின் உருவத்தைத் தீர்மானிக்கிறது. மரே ஹில்லிலும் அதுவே நடந்தது.

ஆனாலும் அந்த ஈ போனதற்கு இடப்பற்றாக்குறையைக் காரணம் சொல்ல முடியாது. 1971 நவம்பர் 3ஆம் தேதியிட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டில் சிஸ்டம் கால்கள் வரிசையாக எண்ணப்பட்டிருக்கின்றன. 5 ஓப்பன், 6 குளோஸ், 7 வெயிட், 8 நம்முடையது. இரண்டு எண் தள்ளிப் பாருங்கள்: 10, அன்லிங்க். ஆங்கிலத்தில் அதற்கு ஆறு எழுத்து, ஒன்றும் குறையவில்லை. ஆறெழுத்துப் பெயருக்கு அந்தப் பட்டியலில் இடம் இருந்தது. சிக்கனம் கைப்பழக்கமாகிவிட்ட ஒருவரின் விரல், தேவையில்லாத இடத்திலும் ஓர் எழுத்தை மிச்சம் பிடித்தது. நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்.

யூனிக்ஸை மறுபடி எழுத வாய்ப்புக் கிடைத்தால் எதை மாற்றுவீர்கள் என்று தாம்ஸனிடம் பிற்காலத்தில் கேட்டபோது, இந்தச் சொல்லுக்கு ஈ சேர்த்து எழுதுவேன் என்று அவர் பதில் சொன்னதை, பிரையன் கெர்னிகனும் ராப் பைக்கும் 1984இல் எழுதிய நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். கணினித் துறையில் இது ஊரறிந்த கதை. சொல்லிச் சிரிப்பார்கள். நானும் பல ஆண்டு சிரித்தேன். ஒரு நாள் அந்தச் சிரிப்பு நின்றது.

ஒரு சிறு நிறுவனத்துக்காக, நீரேற்று நிலையத்தின் மீட்டர் அளவுகளைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கோப்பில் எழுதும் நிரல் ஒன்றை எங்கள் குழு எழுதிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் எழுதினான். ரிவியூ செய்தவன் நான். நிரல் ஓடத் தொடங்கும் இடத்தில், கோப்பைத் திறக்க இந்த ஐந்தெழுத்து அழைப்பைப் போட்டிருந்தான். என் கண் நேராக எழுத்துக்குறையில் போய் நின்றது. "ஸ்பெல்லிங் சரிதானா, பார்" என்று எழுதினேன். "அப்படித்தாண்ணா, கையேட்டுலயே ஈ இல்லாமதான் இருக்கு" என்று பதில் எழுதினான். சரி என்று ஒப்புதல் கொடுத்துவிட்டேன்.

சில வாரம் கழித்து இரவில் மின்சாரம் போய் வந்தது. கணினி மறுபடி எழுந்தது, நிரலும் எழுந்தது. காலையில் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். "அண்ணா, ஃபைல்ல நேத்து வரைக்கும் இருந்தது ஒண்ணுமே இல்ல. விடியக்காலம் மூணு மணிக்கு மேல உள்ளதுதான் இருக்கு." பிழை எங்கே என்று தேட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அழைப்புக்குக் கொடுக்கும் கோப்பு ஏற்கெனவே இருந்தால், அதில் உள்ள அனைத்தையும் கெர்னல் துடைத்துவிட்டு, நீளத்தைப் பூஜ்யமாக்கித் தரும். 1971இன் கையேட்டிலிருந்து அதன் நடத்தை அதுதான். ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் பெயரில் அது இல்லை. 'உண்டாக்கு' என்று பெயர் வைத்த கவுண்டர், இருப்பதை அழிக்கவும் செய்கிறது.

இந்தப் பெயரின் உண்மையான குறை அன்றுதான் எனக்குப் பிடிபட்டது. விடுபட்ட ஈயால் யாருக்கும் ஒரு கோப்பும் தொலைந்ததில்லை. தவறாகத் தட்டினால் நிரல் ஓடாது, உடனே தெரிந்துவிடும். பெயர் சொல்லாமல் விட்ட வேலைதான் ஆபத்து. வாசிப்பவரை அது நல்ல வார்த்தை பேசி உள்ளே அழைத்துப் போகிறது. எழுத்துக்குறை கண்ணில் குத்தியதால் பொருட்குறையை நான் பார்க்கத் தவறினேன். ரிவியூ செய்தவன் என்ற முறையில் அந்தப் பிழையில் பாதி என்னுடையது. அந்தத் தம்பியிடமும் அப்படியே சொன்னேன்.

கெர்னலை எழுதியவர்களும் இந்தப் பொருட்குறையை உணர்ந்தே இருக்க வேண்டும். 1973இல் யூனிக்ஸ் கெர்னல் சி மொழியில் மறுபடி எழுதப்பட்டது, பல்கலைக்கழகங்களுக்குப் போனது, கிளைகள் விட்டது. 1980களின் தொடக்கத்தில் 'ஓப்பன்' என்ற அழைப்புக்குக் கொடிகள், அதாவது அழைப்போடு சேர்த்துக் கொடுக்கும் குறிப்புகள், வந்தன. எழுத மட்டும் திற என்று ஒரு கொடி. இல்லாவிட்டால் உண்டாக்கு என்று ஒரு கொடி. இருப்பதைத் துடை என்று ஒரு கொடி. ஏற்கெனவே இருந்தால் தராதே என்று இன்னொன்று. ஒரே பெயருக்குள் அடைபட்டிருந்த வேலைகள் தனித்தனிச் சொல்லாகப் பிரிந்தன. துடைக்க வேண்டுமானால் அதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். ரிவியூ செய்பவரின் கண்ணில் அது படும். நல்ல திருத்தம். இப்படிப் பொருளைச் சரிசெய்தவர்கள், எழுத்தை அப்படியே விட்டார்கள். 'உண்டாக்கு' கொடிக்கு ஓ என்று முன்னொட்டுப் போட்டு, பின்னால் அதே ஐந்தெழுத்து. தாய்க்கு இருந்த ஊனம் பிள்ளைக்கும் வந்தது.

1988இல் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கெல்லாம் பொதுவாக போசிக்ஸ் என்ற தரநிலை வெளியானது. அதில் இந்த அழைப்பு ஈ இல்லாமலே இடம்பெற்றது. மேலே சொன்ன கொடிகளில் முதல் மூன்றோடு ஓப்பனை அழைப்பதும் இதுவும் ஒன்றே என்ற விளக்கத்தோடு. ஒருவர் கையில் விட்டுப்போனது, ஆய்வகத்தின் வழக்கமாகி, கடைசியில் சட்டமானது. இனி யாராவது ஈ சேர்த்து எழுதினால் அதுதான் பிழை.

ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஜூலையில் போசிக்ஸ் தரநிலையின் பிரதி கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். செப்டம்பரில் லினக்ஸ் என்ற தன் கெர்னலின் முதல் பதிப்பான 0.01ஐ வெளியிட்டார். அதில் நம் பெயர் இருக்கிறது. எண்ணும் அதே எட்டு. உடல் முழுக்க ஒரே வரி: உண்டாக்கு, துடை என்ற கொடிகளோடு ஓப்பனை அழை. இருபது ஆண்டுக்கு முன் தனிக் கவுண்டராக இருந்தது, இப்போது பக்கத்துக் கவுண்டருக்குக் கைகாட்டும் பலகையாகிவிட்டது. இன்றைய லினக்ஸ் நிரலிலும் அது இருக்கிறது. அதன் தலைமேல் ஒரு குறிப்பு. பழைய நிரல்களுக்காகத்தான் இது இருக்கிறதோ, பழைய இன்டெல் கணினிகளுக்கான பகுதிக்கு இதை மாற்றிவிடலாமோ என்று அந்தக் குறிப்பே கேள்வியாக நிற்கிறது. எழுதியவருக்கே உறுதியில்லை. எடுக்கவும் துணிவில்லை.

லினக்ஸின் உள்ளே போனால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. கவுண்டரைத் தாண்டி, கோப்பு முறைமைகளுக்குள் உண்மையில் கோப்பை உண்டாக்கும் செயலியின் (ஃபங்ஷனின்) பெயரைப் பாருங்கள்: ஆறு எழுத்து, ஈயோடு. வாசல் பலகையில் மட்டும்தான் குறை. வீட்டுக்குள் எல்லோரும் முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பின்னால் சேர்ந்த கவுண்டர்களிலும், கடிகாரம் உண்டாக்குவதோ வேறொன்றோ, ஈ ஒழுங்காக இருக்கிறது. மூத்தவனுக்கு மட்டும்தான் இல்லை.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் லினக்ஸ் கெர்னலின் ஒரு நெறி. கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரலை உடைக்கக் கூடாது. வாசலில் தொங்கும் பெயரையும் எண்ணையும் நம்பி உலகெங்கும் எண்ண முடியாத நிரல்கள் ஓடுகின்றன. அவற்றை எழுதியவர் பலர் இன்று தொழிலில் இல்லை, சிலர் உயிரோடும் இல்லை. அதனால் வாசல் பெயர் நிலைத்துவிடும். உட்பெயர் அப்படியல்ல. அதைப் பயன்படுத்துவோர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். ஒரே திருத்தத்தில் எல்லா இடத்திலும் மாற்றிவிடலாம்.

அப்படி மாற்றியதற்கு ஓர் உதாரணம். கெர்னலுக்குள் நினைவகம் வாங்க 'கே-இசட்-அலாக்' என்று ஒரு செயலி உண்டு. இசட் என்றால் ஜீரோ. பூஜ்யமாக்கப்பட்ட இடத்தைக் கொடு என்று பொருள். 2009இல் அதற்கு ஜோடிபோல 'கே-இசட்-ஃப்ரீ' வந்தது. இடத்தைத் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடு என்பது அதன் வேலை. கடவுச்சாவி போன்ற ரகசியங்கள் இருந்த இடத்துக்காக உண்டாக்கியது. பெயரின் ஜோடிப்பொருத்தம் ஆளை ஏமாற்றியது. இசட் போட்டு வாங்கியதை இசட் போட்டுத்தான் திருப்ப வேண்டும் என்று படிப்பவருக்குத் தோன்றும். உண்மையில் இரண்டுக்கும் அப்படியொரு உறவில்லை. எதற்காகத் துடைக்கிறோம் என்பதும் பெயரில் இல்லை. பயன்பாட்டில் இல்லாத ஒப்புமையைப் பெயரில் காட்டுவது தவறான வழிகாட்டல் என்று டோர்வால்ட்ஸ் சொன்னார். 2020இல், 5.9 பதிப்பில், அது 'கே-ஃப்ரீ-சென்சிட்டிவ்' ஆனது. பெயர் நீண்டது, நோக்கம் வெளியே வந்தது. ரகசியம் வைத்திருந்த இடத்தில் வெறும் 'கே-ஃப்ரீ' என்று ஒருவர் எழுதினால், ரிவியூ செய்பவர் இனிக் கேள்வி கேட்பார்.

லினக்ஸ் கெர்னலின் எழுத்துநடை விதிகளில் பெயருக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஒரு சிறு செயலிக்குள் பிறந்து அங்கேயே மறையும் மாறிக்குச் சின்னப் பெயர் போதும் என்கிறது அது. சுழற்சியை எண்ணும் எண்ணுக்கு ஒற்றை எழுத்தே போதும், அதை நீட்டி எழுதுவது வாசிப்பவரைச் சிரமப்படுத்துவது. எல்லோர் கண்ணிலும் படும் பெயர் தன் வேலையைச் சொல்ல வேண்டும். தற்போது செயலில் உள்ள பயனர்களை எண்ணும் செயலிக்கு அந்தச் சொற்களையே பெயராக வை, எழுத்துகளைப் பொறுக்கிச் சுருக்காதே என்கிறது. எனக்குத் தெரிந்து பெயரிடலுக்கு இதைவிடச் சரியான அளவுகோல் இல்லை. பெயர் எவ்வளவு தூரம் பயணம் போகப்போகிறதோ, அவ்வளவு கட்டுச்சோறு கொடுத்து அனுப்ப வேண்டும். தெருமுனைக்குப் போகிறவனுக்கு மூட்டை எதற்கு? காசிக்குப் போகிறவனை வெறுங்கையோடு அனுப்பலாமா?

தாம்ஸனுக்குத் தன் குறையைத் திருத்த வாய்ப்பு வந்தது, ஆனால் யூனிக்ஸில் அல்ல. பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸுக்குப் பின் அவரும் ராப் பைக்கும் மற்றவர்களும் சேர்ந்து பிளான் 9 என்ற புதிய இயங்குதளத்தை எழுதினார்கள். அதில் இந்தச் சிஸ்டம் காலுக்கு ஆறு எழுத்து. பிறகு இருவரும் கூகுளில், ராபர்ட் கிரீஸ்மெருடன் சேர்ந்து வடிவமைத்து 2009இல் வெளியான கோ மொழியிலும் கோப்பு உண்டாக்கும் செயலிக்கு ஈ உண்டு, கொடிக்கும் உண்டு. கவனித்தால் ஒன்று தெரியும்: இரண்டு முறையும் அவர் புதிய வீடு கட்டித்தான் பெயரைத் திருத்த முடிந்தது. பழைய வீட்டின் பலகையைப் படைத்தவராலேயே மாற்ற முடியவில்லை.

இப்போது அந்தப் பெயர் எங்கே இருக்கிறது? 32 பிட் இன்டெல் கணினியில் ஓடும் லினக்ஸில் இன்றும் எண் 8; 1971இன் கையேட்டில் இருந்த அதே எட்டு. 64 பிட் இன்டெல்லுக்கு வந்தபோது எண் 85 ஆனது. நம் கைப்பேசிகளில் உள்ள 64 பிட் ஆர்ம் சில்லுக்கு 2012இல் லினக்ஸ் போனபோது, பழைய நிரல்களின் பாரம் அங்கே இல்லை. எனவே அந்தக் கவுண்டரே திறக்கப்படவில்லை. ஓப்பனின் புதிய வடிவம் ஒன்று 56ஆம் எண்ணில் இருந்துகொண்டு அந்த வேலையைச் செய்கிறது. சி நூலகத்தில் மட்டும் பழைய பெயர் நிற்கிறது. அழைத்தால் அந்த மூன்று கொடிகளோடு 56க்கு அனுப்பிவைக்கும். கவுண்டர் போய்விட்டாலும் கொடி போகவில்லை. லினக்ஸில் ஓடும் கைப்பேசியில் நீங்கள் ஒரு புகைப்படம் எடுத்து அது கோப்பாக உருவாகும் நொடியில் 64 என்ற மதிப்பாகக் கெர்னலுக்குள் போவது அந்தக் கொடிதான். நிரலில் அதன் பெயருக்கு இன்றும் கடைசி ஈ கிடையாது.

கெர்னலோ, கல்லூரிப் பாடத்துக்கான சிறு நிரலோ, அடுத்தவர் எழுதியதைப் படித்து ஒப்புதல் தரும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செயலியின் உடலைக் கையால் மறைத்துக்கொண்டு பெயரை மட்டும் படியுங்கள். அது என்னென்ன செய்யும் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பிறகு கையை எடுத்துவிட்டு உடலைப் படியுங்கள். காகிதத்தில் இல்லாத வேலை ஒன்று உடலில் இருந்தால், அது எதையாவது அழிக்கும் வேலையாகவும் இருந்தால், ஒப்புதல் கொடுக்காதீர்கள். எழுத்துப்பிழையைக் கணினியே பிடித்துவிடும். பொருட்பிழையைப் பிடிக்க நீங்கள்தான் இருக்கிறீர்கள். அந்தப் பெயர் வாசலில் தொங்கப்போகிறதென்றால் இன்னும் ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். தொங்கவிட்ட பிறகு உங்களாலும் அதை மாற்ற முடியாது.